ஐப்பசியில் மிதந்த எருக்குழி: அரசலாற்றங்கரை வீடு ஒன்றின் மக்கு உரக் கணக்கு

2022 நவம்பர் இரண்டாம் வாரம். சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை, எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தால், மூன்று மாதமாக நான் பார்த்துப் பார்த்து நிரப்பிய குழி சின்னக் குளமாக நின்றது. எலுமிச்சைத் தோலும் வெங்காயத் தொலியும் முட்டை ஓடும் மேலே மிதந்தன. ஒரு பூசணித் துண்டின் மேல் தவளை உட்கார்ந்திருந்தது.

என் மாமியார் (நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். “ஏம்மா, ஐப்பசியில பள்ளம் தோண்டி வெச்சா தண்ணி ஊறாம பாலா ஊறும்?” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். எதையும் நோட்டுப் போட்டு எழுதிவைக்கும் பழக்கம் இருப்பதால், அந்தக் குழியில் தொடங்கி அடுத்த மூன்று வருடம் எங்கள் வீட்டிலும் தெருவிலும் நடந்ததெல்லாம் தேதியோடு கையில் இருக்கிறது. டெல்டாவில் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு இடத்தில் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வீடும் குப்பையும்

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், அரசலாற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு. ஆறு பேர். கொல்லையில் நான்கு தென்னை, இரண்டு வேம்பு, ஒரு மா, வேலியோரம் பூவரசு, பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் வாழை. மண் நல்ல களி. ஒரு அடிக்குக் கீழே போனால் மம்பட்டியில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு வெட்டுக்கும் குச்சியால் வழித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

ஒரு மாதம் அடுப்படிக் குப்பையைத் தினமும் எடைபோட்டேன். சராசரியாக நாளுக்கு 1 கிலோ 200 கிராம். அமாவாசை, கார்த்திகை என்றால் இரண்டு கிலோவைத் தாண்டும். பெரும்பங்கு காய்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பூ மடல், டீத்தூள், முருங்கைச் சக்கை. கொல்லைக் குப்பை வேறு கணக்கு. தென்னை மரம் மாதத்துக்கு ஒரு மட்டையாவது தள்ளும். நான்கு மரத்துக்கு வருடத்தில் ஐம்பது மட்டை. சருகை யாரும் எடை போடுவதில்லை. காலையில் கூட்டிக் குவித்துத் தீக்குச்சி கிழித்துப் போடுவதுதான் தெருவுக்கே வழக்கம்.

இந்த வீட்டில் 2009 வரை மாடு இருந்தது. அப்போது ‘அடுப்படிக் குப்பை’ என்று ஒன்று இருந்ததாகவே அத்தைக்கு ஞாபகம் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த் தோல் எல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போகும். சாப்பிட்ட இலையை மாடு தின்னும். மாடு மிதித்துக் கழித்த வைக்கோலும் சாணியும் சாம்பலும் சருகும் எருக்குழிக்கு. சித்திரை வைகாசியில் வண்டி கட்டி வயலுக்கு அடித்துவிடுவார்கள். மாமா முடியாமல் படுத்தபோது மாட்டை விற்றோம். எருக்குழி இருந்த இடத்தில் இப்போது மோட்டார் கொட்டகை. அதற்கப்புறம்தான் அடுப்படியில் பிளாஸ்டிக் வாளி வந்தது. வாளி நிறைந்தால் தெருமுனை.

அப்படியானால் அந்தக் காலத்து எருக்குழியில் மட்டும் ஏன் தண்ணீர் நிற்கவில்லை? அதே களிமண், அதே ஐப்பசி. இதை அத்தையிடம் கேட்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. (கௌரவம்தான், வேறென்ன.) கேட்டதும் சிரித்துவிட்டார்.

“பேருதான் குழி. இருந்தது மேடு. ஒரு சாண் பறிச்சு, சுத்தி வரப்பு மாதிரி கட்டி, மேல மேல கொட்டிக்கிட்டே போவோம். ஆடிக்குள்ள என் இடுப்புக்கு மேல வந்துரும். குப்பைமேடுன்னும் அதைத்தானே சொல்றது?”

இந்த ஆய்வில் நான் கற்றதில் பாதி அந்த ஒரு பதிலில் இருந்தது. நான் குழி என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு மூன்றடி ஆழம் தோண்டியிருந்தேன்.

குழிக்குள் நடந்தது

சேற்று வயலில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தக்கைப்பூண்டு மிதித்து உழுத வயலில் கால் வைத்தால் கணுக்காலைச் சுற்றிக் குமிழி கிளம்பும். ஒரு வாடையும் வரும். தண்ணீருக்கு அடியில் காற்று இல்லாமல் தழை அழுகும்போது வெளிவரும் வாயு அது. நெல்லுக்கு அது சரி. அடுப்படிக் குப்பையை வீட்டு வாசலில் இருந்து இருபதடியில் அப்படி அழுகவிட முடியாது.

காற்றில் ஆக்சிஜன் பரவுகிற வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் அது பரவுவது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவு. குப்பையின் இடுக்குகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால், காற்றை நம்பி வேலை செய்யும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் ஓய்ந்துபோகும். காற்று வேண்டாத கூட்டம் வேலையை எடுத்துக்கொள்ளும். அதுகளும் மக்க வைக்கும்தான், ஆனால் மெதுவாக. கூடவே அழுகிய முட்டை நாற்றம் இலவசம். எங்கள் குழியைக் கார்த்திகை கடைசியில் இறைத்து வெட்டியபோது, ஆவணியில் போட்ட பீன்ஸ் நார் அப்படியே பச்சை மாறாமல் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் போட்டது!

இதில் புதுமை எதுவும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924-லிருந்து 1931 வரை இந்தூரில் இருந்தபோது, நம் ஊர் விவசாயிகள் செய்வதைப் பார்த்து முறைப்படுத்திய இந்தூர் முறையிலேயே, வெயில்காலத்துக்குக் குழி, மழைக்காலத்துக்குத் தரைக்கு மேல் குவியல் என்று பிரித்திருக்கிறது. குழியில் போட்டு மண் மெழுகி ஆறேழு மாதம் மூடிவைக்கும் பெங்களூர் முறை தண்ணீர் ஊறாத மேட்டு நிலத்துக்குச் சரிப்படும். நான் தெரியாமல் செய்தது, பெங்களூர் முறையைக் கொண்டுவந்து காவிரிக்குள் முக்கியது.

இன்னொரு தப்பும் இருந்தது. அடுப்படிக் குப்பையை மட்டுமே போட்டிருந்தேன், சருகை எரித்துக்கொண்டிருந்தேன். காய்கறிக் கழிவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பதினைந்து இருபது பங்கு கார்பன்தான் இருக்கும். மக்குவதற்கு இருபத்தைந்து முப்பது வேண்டும். காய்ந்த சருகில் ஐம்பதுக்கு மேல், வைக்கோலில் எண்பதை ஒட்டி. இரண்டையும் கலந்தால் கணக்கு நேராகும். கணக்கைவிட முக்கியம், காய்கறிக் கழிவு முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அழுத்தினால் சப்பென்று படிந்துவிடும். சருகு விறைப்பாக நின்று நடுவில் காற்றுக்கு வழிவிடும். எரித்த ஒவ்வொரு கூடைச் சருகும் நான் தேடிக்கொண்டிருந்த மருந்து.

மேடு

2023 தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு கரும்புச் சக்கையும் தோகையும் இருக்கும்போதே ஆரம்பித்தோம். பக்கத்தில் இடித்த வீட்டுப் பழைய செங்கல் சும்மா கிடந்தது. சிமெண்டு பூசாமல், செங்கல்லுக்குச் செங்கல் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, நான்கடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் ஒட்டினாற்போல் இரண்டு பெட்டி. சுவரில் ஓட்டை விட்டுக் கட்டும் யோசனை மகாராஷ்டிர விவசாயி நாராயண் தேவ்ராவ் பாண்டரிபாண்டேவுடையது. நாடெப் தொட்டி என்று அவர் பெயரைச் சுருக்கித்தான் சொல்கிறார்கள். அவருடையது பத்தடி நீளம். எங்களுக்கு எதற்கு அவ்வளவு?

இடம் தேர்வுதான் பெரிய வாக்குவாதம். வீட்டுக்காரர் வேலியோரம் என்றார். அத்தை, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாயா என்றார். பார்க்கவில்லை. வேலியோரம் முழுவதும் தண்ணீர் வடியும் வாட்டம். கடைசியில் மாட்டுக்கொட்டில் இருந்த பழைய திட்டின் மேலேயே வைத்தோம். கொல்லையிலேயே அது ஒன்றரை அடி உயரம். முன்னோர்கள் கொட்டிலை மேட்டில் வைத்ததும் சும்மா இல்லை.

அடியில் தென்னை மட்டையை நாலாகப் பிளந்து குறுக்கும் நெடுக்கும் ஒரு அடுக்கு. அதன்மேல் ஒரு சாண் சருகு. அப்புறம் தினமும் ஒரு வாளி அடுப்படிக் குப்பைக்கு இரண்டு, சில நாள் மூன்று வாளி சருகு. வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் ஒரு கூடை சாணி வாங்கிக் கரைத்துத் தெளிப்பது. மேலே எப்போதும் சருகுதான் தெரிய வேண்டும்; காய்த் தோல் கண்ணில் பட்டால் ஈ வரும். மூடுவதற்கு இரண்டு கீற்று பின்னி மூங்கில் சட்டத்தில் கட்டினோம்.

ஈரம் எவ்வளவு என்பதற்குப் புத்தகங்கள் ஐம்பது அறுபது சதம் என்கின்றன. கொல்லையில் நின்றுகொண்டு அதை யார் அளப்பது? அத்தை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன அளவையே இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: புட்டுக்குப் பிசிறிய மாவு. பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் சருகு போடு. பிடியே நிற்காவிட்டால் தண்ணீர் தெளி.

முதல் பெட்டி இந்தத் தினசரி முறையில் சித்திரைவரை நிறைந்தது. நாற்றம் இல்லை. மொரமொரவென்று மக்கியது. ஆனால் சூடு ஏறவில்லை. ஆய்வகத்தில் இருந்து ஒரு நீள வெப்பமானி கொண்டுவந்து குத்திப் பார்த்தேன். 40 டிகிரியைத் தாண்டியதே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் உண்டாகிற சூடு அன்றன்றைக்கே கலைந்துவிடுகிறது. விளைவு பின்னால் தெரிந்தது. அந்த உரம் போட்ட இடமெல்லாம் தக்காளியும் பூசணியும் பாகலும் தானாக முளைத்தன. அத்தைக்குச் சந்தோஷம். எனக்கு, களை விதையும் இப்படித்தானே தப்பியிருக்கும் என்ற கவலை.

காதுகுத்து இலை

இரண்டாவது பெட்டி நிறைந்தது ஒரே நாளில். பங்குனியில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. வீட்டிலேயே பந்தி. இருநூறு இலைக்குக் கொஞ்சம் குறைவு, பந்திக்கு நறுக்கிய காய்த் தோல் நான்கு அன்னக்கூடை. சமையல்காரர் வழக்கம்போலக் குழி எங்கே என்று கேட்டார்.

வாழை இலையை அப்படியே போடக் கூடாது என்பதை அன்று கற்றேன். ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பாய் விரித்ததுபோல ஆகிவிடும். காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. இலையில் மிச்சமிருந்த சோற்றையும் குழம்பையும் தனியாக வழித்துக் கோழிக்குக் கொடுத்துவிட்டு, இலையை அரிவாளால் சாண் சாணாக நறுக்கினோம். நானும் நாத்தனாரும் சித்தியும் இரண்டு மணி நேரம். பட்டுப்புடவையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்ததால் பிழைத்தோம். ஒரு அடுக்கு இலை, இரண்டு அடுக்கு வைக்கோலும் வேப்பஞ்சருகும், மேலே சாணிக் கரைசல் என்று பெட்டி விளிம்புவரை ஒரே மூச்சில் நிரப்பினோம். வேப்பஞ்சருகு கசப்பு, புழுவே வராது என்று சித்தி தடுத்தார். சருகாக உலர்ந்து மற்றதோடு கலந்தபின் எங்கள் பெட்டியில் அது எந்தத் தடையும் செய்யவில்லை.

மறுநாள் 46 டிகிரி. மூன்றாம் நாள் 61. கடப்பாரையை உள்ளே கால் மணி நேரம் விட்டு உருவினால் முனையைப் பிடிக்க முடியவில்லை. காலையில் கீற்றைத் தூக்கியபோது ஆவி கிளம்பியது, பால் கொடுக்க வந்த பெரியம்மா, “என்ன, உள்ள அடுப்பு கிடுப்பு வெச்சிருக்கியா?” என்றார். 55 டிகிரிக்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் நின்றால் பெரும்பாலான களை விதையும் நோய்க் கிருமியும் செத்துவிடும். ஆறாம் நாள் சூடு இறங்கியதும் மம்பட்டியால் வெளியே இழுத்து, ஓரத்தில் இருந்ததை நடுவில் போட்டுத் திரும்ப நிரப்பினோம். மறுபடியும் 57 வரை ஏறியது. மூன்றாவது முறை கிளறியபோது 44. அதோடு அடங்கிவிட்டது. எழுபது நாளில் அந்தப் பெட்டி கரும்பழுப்பாக, புதுமழை மண் வாசனையோடு தயார். மூன்றடி நிறைந்த பெட்டி ஒன்றேகால் அடிக்கு இறங்கியிருந்தது. சலித்து அள்ளினால் சிமெண்டுச் சாக்கில் ஏழு மூட்டை.

அதிலிருந்து முறையை மாற்றிக்கொண்டோம். தினசரிக் குப்பையை மூடிபோட்ட ஓட்டை டிரம்மில் சருகோடு சேர்த்துவைப்பது; போதுமான அளவு சேர்ந்ததும் டிரம், வாழைமட்டை, புல், சாணி எல்லாவற்றையும் ஒரே நாளில் பெட்டியில் அடுக்கிச் சூடு ஏற்றுவது. டிரம்மில் ஒருமுறை சருகு போதாமல் ஈரம் மிகுந்து, சாம்பல் நிறத்தில் கொழுத்த புழுக்கள் நெளிந்தன. அத்தை சாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டார். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு அது. கடிக்காது, வளர்ந்த ஈ நம் சோற்றிலும் உட்காராது. கழிவைத் தின்று தீர்ப்பதில் கெட்டி. ஆனால் இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினால் எடுபடாது. இரண்டு கூடைச் சருகைக் கொட்டினேன். புழுவைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் பார்த்துக்கொண்டன.

தென்னைக்கு எதிரி

மக்கு உரம் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தென்னை நிற்கும் ஊரில் விடக் கூடாது. காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடி வருவது எருக்குழியையும் மக்கிய குப்பையையும்தான். வண்டு தென்னங்குருத்தைக் குடைந்தால், விரிகிற ஓலை கத்தரியால் விசிறி வெட்டியதுபோல முக்கோணம் முக்கோணமாக இருக்கும். எங்கள் வடக்கோரத் தென்னையில் 2023 ஆடியில் அந்த வெட்டு தெரிந்தது. சந்தேகப்பட்டு முதல் பெட்டியின் அடியைக் கிளறினேன். கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டுகொண்டு பதினோரு புழு. அந்தப் பெட்டியைச் சித்திரைக்கு அப்புறம் நான் தொடவே இல்லை என்பது நோட்டில் இருந்தது.

புழுப்பருவம் மட்டும் மூன்று மாதத்துக்குக் குறையாது. ஆகவே குப்பையை ஆறு மாதம் சும்மா விடுவதுதான் ஆபத்து. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறி, தொண்ணூறு நாளுக்குள் சலித்து எடுத்துவிட்டால் அது வண்டாகிப் பறக்க அவகாசம் இருக்காது. சூடு ஏறிய பெட்டியில் ஒன்றுகூட இல்லை. அதுபோக, ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து மண்பானையில் ஊற்றி மரத்தடியில் கழுத்துவரை புதைத்தால் வண்டு வந்து விழும். மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை எருவில் கலந்துவிடும் முறையும் உண்டு; புழுவின் மேல் பச்சையாகப் படர்ந்து கொல்லும். எங்களுக்குப் பானையும் மம்பட்டியுமே போதுமானதாக இருந்தது. அந்த மரம் அடுத்த வருடம் நல்ல குருத்து விட்டது.

பெருச்சாளி கதை சுருக்கம்: அடியில் வளை தோண்டியது, அரை அங்குலக் கண் உள்ள பற்றுவைத்த கம்பிவலையை விரித்து அதன்மேல் பெட்டியைத் திரும்ப அடுக்கினோம், நின்றது. கோழிவலையைக் கடித்துவிடும், வாங்க வேண்டாம். பெருச்சாளியைத் தேடிச் சாரைப்பாம்பு ஒருநாள் வந்து போனது. அதிலிருந்து கிளறுவதற்கு முன்னால் கம்பால் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் கையை நீட்டுவோம். மீன் கழுவிய கழிவு மட்டும் பெட்டிக்குப் போகாது. பூனையும் நாயும் சேர்ந்து கீற்றைப் பிரித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அது நேராக வாழையடியில் முழ ஆழத்தில்.

சருகு மூட்டை

இவ்வளவும் செய்து 2023 ஐப்பசியில் திரும்பவும் மாட்டிக்கொண்டோம். இந்த முறை தண்ணீர் நிற்கவில்லை. திட்டு காப்பாற்றியது, கீற்று காப்பாற்றியது. தீர்ந்துபோனது சருகு.

வேம்பு இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். மா, பலா சருகு சித்திரை வரைக்கும். ஆடிக்காற்றில் பூவரசு கொட்டும். அதோடு சரி. ஐப்பசியில் மரத்தடியில் கிடப்பதெல்லாம் நனைந்த இலை. அதைக் கலந்தால் ஈரத்தோடு ஈரம். வைக்கோலும் முன்னேபோல் கிடைப்பதில்லை. அறுவடை இயந்திரம் போன பின்னால் கட்டும் இயந்திரம் வந்து உருட்டி, லாரியில் ஏற்றி வெளியூருக்குப் போய்விடுகிறது. அடுப்படிக் குப்பையோ மாதம் தவறாமல் நாளுக்கு ஒரு கிலோ. கார்த்திகை முதல் வாரத்தில் டிரம் நாறத் தொடங்கியது. பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போட்டேன், ரைஸ்மில்லில் இருந்து உமி வாங்கிப் போட்டேன். உமி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. மணல்சத்து இருப்பதால் லேசில் மக்காது. அந்தப் பெட்டியின் உரத்தில் உமி உமியாகவே இருந்தது. மரத்தூள் கொஞ்சம் கைகொடுத்தது.

கணக்குப் போட்டேன். ஒரு வாளி குப்பைக்கு இரண்டரை வாளி சருகு என்றால், புரட்டாசி கடைசியிலிருந்து தை பிறக்கும்வரை எங்கள் வீட்டுக்கு நன்றாக மிதித்து அடைத்த உரச்சாக்கில் முப்பது மூட்டை வேண்டும். அதைச் சித்திரை வெயிலில் மொடமொடவென்று காய்ந்திருக்கும்போதே அள்ளிக் கட்டி, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். நெல்லுக்குக் குதிர் இருந்தது, வைக்கோலுக்குப் போர் இருந்தது. சருகுக்கு யாரும் எதுவும் கட்டியதில்லை, ஏனென்றால் மாடு இருந்த வீட்டில் வைக்கோலே அந்த வேலையைச் செய்துவிட்டது. மோட்டார் கொட்டகையின் பரணைக் காலிசெய்தோம். 2024 பங்குனியில் தெருவில் யார் சருகைக் கூட்டிக் குவித்தாலும், கொளுத்துவதற்கு முன்னால் நான் சாக்கோடு போய் நின்றேன். ஒரு பள்ளிக்கூட டீச்சர் சருகு பொறுக்குகிறார் என்று பேசியிருப்பார்கள். பேசட்டும். இருபத்தெட்டு மூட்டை சேர்ந்தது. அந்த மழைக்காலத்தில் டிரம் ஒருநாள்கூட நாறவில்லை.

யாராவது மக்கு உரம் ஆரம்பிக்கப் போகிறேன் என்றால், டிரம் வாங்கியாச்சா என்று நான் கேட்பதில்லை. எத்தனை மூட்டை சருகு இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

தெருவில்

2024-ல் எங்களைப் பார்த்து நான்கு வீடு ஆரம்பித்தது. இரண்டு வீட்டில் இன்றும் நடக்கிறது. பெரியம்மா வீட்டில் மாடு இருப்பதால் அவருக்குப் பெட்டியே தேவையில்லை. பழைய குப்பைமேட்டைக் கொஞ்சம் ஒழுங்காகக் கிளறச் சொன்னதோடு சரி. சித்தி வீட்டில் ஒரு பெட்டி.

நின்றுபோன இரண்டில் ஒன்று, கொல்லை முழுக்க சிமெண்டு போட்ட புது வீடு. மரமே இல்லை, சருகுக்கு எங்கே போக? ஆன்லைனில் விலை கூடின ஒரு மக்கு உரத் தொட்டி வாங்கினார்கள். மூடி இறுக்கம், ஓட்டை குறைவு, கூட வந்த தூள் தீர்ந்ததும் நாற்றம். இப்போது குப்பையைப் பிரித்துத் தூய்மைக் காவலரின் வண்டியில் கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் மோசமில்லை; பிரிக்காமல் முச்சந்தியில் கொட்டியதற்கு இது எவ்வளவோ தேவலை. மற்றொரு வீட்டில் எல்லாம் சரியாகவே நடந்தது. கிளறுவது யார் என்பதில் அண்ணன் தம்பிக்குள் தகராறு. அதற்கு என்னிடம் வெப்பமானி இல்லை.

உரம் என்ன ஆயிற்று

வருடத்துக்கு ஐந்து பெட்டி எடுக்கிறோம். கேட்பவர்கள் உடனே வயலுக்குப் போட்டீர்களா என்பார்கள். ஒரு பெட்டி இருநூறு, இருநூற்றைம்பது கிலோ. ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போடச் சொல்லும் நெல் வயலில் இதைத் தூவினால் வரப்புக்குக்கூடக் காணாது. கொல்லைக்கும் வாழைக்கும் போட்டது போக மிச்சத்தைச் சித்தி வீட்டு மல்லிகைக்கு.

எடுத்தவுடன் போடுவதும் தப்பு. பாதி மக்கியதைப் போட்டு ஒருமுறை வெண்டை நாற்று மஞ்சளடித்து நின்றுவிட்டது; மிச்சக் குப்பையை மக்க வைக்க நுண்ணுயிர்கள் செடியின் நைட்ரஜனையே எடுத்துக்கொள்கின்றன. இப்போது ஒரு கொட்டாங்கச்சியில் உரத்தையும் மண்ணையும் பாதிப்பாதி கலந்து இருபது வெந்தயம் தூவிவைப்பேன். ஐந்து நாளில் பதினெட்டாவது பச்சையாக எழுந்தால் உரம் தயார். எழவில்லையென்றால் இன்னும் இரண்டு வாரம் சாக்கில் ஆறவைப்பேன். ஆடிப்பட்டத்துக்குக் கத்தரியும் வெண்டையும் ஊன்றும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, சித்திரைக் கடைசிக்குள் பெட்டியை அடுக்கிவிட வேண்டும் என்பதை நாள்காட்டியில் சிவப்பால் குறித்திருக்கிறேன்.

களிமண்ணில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. மூன்று வருடம் உரம் போட்ட பாத்தியில் இப்போது மம்பட்டியில் மண் ஒட்டுவதில்லை. வழித்துவிடும் குச்சியை அத்தை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார்.

தீராதது தென்னை மட்டை. ஓலை மக்குகிறது, மட்டை அசையமாட்டேன் என்கிறது. பொடியாக்கும் இயந்திரம் வாடகைக்குக் கேட்டால், நான்கு மரத்துக்கு வரமாட்டோம் என்கிறார்கள். 2018 கஜா புயலில் ஒரத்தநாட்டுப் பக்கம் உறவினர் தோப்பில் விழுந்த மரங்களைக் கடைசிவரை எரித்துத்தான் தீர்த்தார்கள். அதைப் பார்த்தவள் என்பதால் தீ வைக்க மனம் வரவில்லை. பிளந்ததில் கொஞ்சம் பெட்டியின் அடி அடுக்குக்குப் போகிறது, கொஞ்சம் வெந்நீர் அடுப்புக்கு. மிச்சம் வேலியோரம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. அதற்குள் கீரி ஒன்று குட்டி போட்டிருப்பதால், இந்தப் பங்குனிவரை யாரும் தொடக் கூடாது என்பது அத்தை உத்தரவு.